தேவாலயத்தின் பட்டயத்தில் கூஃபி எழுத்துக் கையொப்பங்கள்: கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு சொல்லும் பாடம்

பழனி அடிவாரத்தில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் நின்று பார்த்தால் தமிழைவிட மலையாளம்தான் அதிகம் காதில் விழும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளத்திலிருந்து வருகிற கூட்டம் அது. இந்தப் போக்குவரத்து இன்று நேற்று தொடங்கியதல்ல. பழனியின் பழைய பெயர் பொதினி. அதை ஆண்ட ஆவியர் குடியில் சேர மன்னர்கள் பெண் எடுத்ததைப் பதிற்றுப்பத்தின் பதிகங்கள் சொல்கின்றன. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மொழி பேசிய காலம் அது.

2024 ஜனவரியில், பழனி கோவிலில் கொடிமரத்தைத் தாண்டி மாற்று மதத்தவர் செல்லக்கூடாது என்ற அறிவிப்புப் பலகை தொடர்பான வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இந்தக் கட்டுரையின் பொருளல்ல. ஒரு சமூகத்தின் வழிபாட்டுத் தலத்துக்கு அதற்கென ஒழுங்குகள் இருக்கும், அதை மதிப்பது நம் கடமையும்கூட. ஆனால் அதையொட்டி ஊரில் எழுந்த பேச்சுகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "இவர்களெல்லாம் எப்போது வந்தவர்கள்? இவர்களுக்கு இங்கே என்ன உரிமை?"

இந்தக் கேள்விக்குக் கோபத்தோடு பதில் சொல்ல வேண்டியதில்லை. செம்பில் வெட்டி வைத்த பதில் ஒன்று கிட்டத்தட்ட 1,175 ஆண்டுகளாக இருக்கிறது. அதில் முஸ்லிம்களின் பெயர்களும் இருக்கின்றன. ஆனால் அது நமக்காக எழுதப்பட்டதல்ல, ஒரு கிறிஸ்தவ தேவாலயத்துக்காக எழுதப்பட்டது.

செப்பேடு என்ன சொல்கிறது?

கி.பி. 849. சேர மன்னர் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டு. அவருக்குக் கீழ் வேணாட்டை ஆண்டவர் ஐயனடிகள் திருவடிகள். குரக்கேணிக் கொல்லம் என்று அன்று அழைக்கப்பட்ட துறைமுக நகரில், ஈசோதபீர் என்பவர் கட்டிய தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்கு ஐயனடிகள் நிலமும் உரிமைகளும் வழங்கினார். இளையராஜாவும், அதிகாரிகளும், அறுநூற்றுவர் என்ற நாட்டுச் சபையும் உடன் இருக்க இந்தக் கொடை நடந்தது. அந்நகரை நிறுவியவராக மருவான் சபிரீசோ என்ற வணிகரின் பெயரும் பட்டயத்தில் வருகிறது.

செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்த எழுத்துகள். மொழி, மலையாளம் தனி மொழியாகப் பிரிந்து கொண்டிருந்த காலத்து மேற்குத் தமிழ். குடி, நகரம், காணம், பள்ளி என அதில் வரும் சொற்கள் நமக்கு அந்நியமானவை அல்ல.

"பள்ளி" என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். சமணத் துறவிகள் தங்கிய இடம் சமணப்பள்ளி. கிறிஸ்தவரின் தேவாலயம் தரிசாப்பள்ளி. நாம் தொழும் இடம் பள்ளிவாசல். பிள்ளைகள் படிக்கும் இடமும் பள்ளி. பிறர் வழிபடும் இடத்துக்கும் நம் இடத்துக்கும் ஒரே சொல்லைக் கொடுத்த மொழி நம்முடையது. கேரளத்தில் இன்றும் கிறிஸ்தவர் பள்ளி, முஸ்லிம் பள்ளி இரண்டுமே "பள்ளி"தான். "தரிசா" என்பது கிறிஸ்தவரைக் குறிக்கும் "தர்ஸா" என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது என்று விளக்கம் சொல்வார்கள். இறையச்சம் உள்ளவர் என்பது அதன் பொருள்.

இந்த ஏடுகள் இன்று கோட்டயத்திலும் திருவல்லாவிலும் உள்ள சிரியன் கிறிஸ்தவத் திருச்சபைகளின் தலைமையகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் குண்டர்ட் இதை மொழிபெயர்த்தார். நீண்ட காலம் இவை இரண்டு தனித்தனிப் பட்டயங்கள் என்று கருதப்பட்டன. எம்.ஆர். ராகவ வாரியரும் கேசவன் வெளுத்தாட்டும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் இவை ஒரே பட்டயம் என்று நிறுவினர்.

யார் இந்தக் கிறிஸ்தவர்கள்?

போர்ச்சுகீசியரும் ஆங்கிலேயரும் வந்த பிறகுதான் இந்தியாவுக்குக் கிறிஸ்தவம் வந்தது என்று நினைப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. அது தவறு. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். தரிசாப்பள்ளிச் செப்பேடு அதற்கு சுமார் 650 ஆண்டுகள் முந்தியது. அதற்கும் முன்பே, 6ஆம் நூற்றாண்டில், காஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர் மிளகு விளையும் மலபார்க் கரையில் தேவாலயம் இருந்ததை எழுதினார். இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் வாழ்ந்ததையும் அவர் குறிப்பிட்டார்.

கொல்லத்துக் கிறிஸ்தவர்கள் ஒரே இனத்தார் அல்ல. கடல் கடந்து வந்த பாரசீக வணிகர்களும் இந்த மண்ணின் மக்களும் கலந்த சமூகம் அது. வழிபாட்டுக்குச் சிரியாக் மொழி, வணிகத்துக்குப் பாரசீகம், நில உரிமைக்கும் அரச சபைக்கும் தமிழ் என மூன்று மொழிகளில் அவர்களின் வாழ்க்கை நடந்தது. நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. சென்னைப் பரங்கிமலையில் உள்ள பழைய கற்சிலுவையில் பஹ்லவி என்னும் பழம்பாரசீக எழுத்து வெட்டப்பட்டுள்ளது. அதே வகைச் சிலுவைகள் கோட்டயம் வலியபள்ளியிலும் உண்டு.

அவர்களுடைய ஆன்மிகத் தலைமை ஐரோப்பாவில் இல்லை. ரோமாபுரியின் போப்பாண்டவருக்கும் இவர்களுக்கும் அன்று தொடர்பு கிடையாது. கிழக்குச் சபை எனப்படும் அவர்களின் திருச்சபைக்குத் தலைவரான பேராயர் இருந்த நகரம், அப்பாஸியக் கலீஃபாக்களின் ஆட்சியில் இருந்த பக்தாத். அதாவது, கொல்லத்துக் கிறிஸ்தவரின் மதத் தலைவர் முஸ்லிம் ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்.

கொடுக்கப்பட்ட உரிமைகள்

பட்டயம் வெறும் நிலக்கொடை அல்ல. எல்லை குறித்து, பிடியானை நடத்திக் கொடுத்த நிலத்தோடு, அங்கே உழைக்கும் குடிகளும் பள்ளிக்கு விடப்பட்டனர். ஈழவர், வெள்ளாளர், எருவியர், தச்சர், வண்ணார் குடிகள் பட்டயத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. இவர்களிடமிருந்து தலைக்காணம், மரம் ஏறுவோர் செலுத்தும் ஏணிக்காணம் முதலிய வரிகளை அரசு வாங்காது. இவர்கள் குற்றம் செய்தால் விசாரிக்கும் அதிகாரம் பள்ளியாருக்கே. நகரின் எடைக்கோல், அளவைகளைக் காக்கும் பொறுப்பும் பள்ளியிடம் தரப்பட்டது. துறைமுக நகரில் தராசு யார் கையில் இருக்கிறதோ, நம்பிக்கையும் அவர் மேல்தான். தராசில் நேர்மையைத் திருக்குர்ஆன் எத்தனை இடங்களில் வலியுறுத்துகிறது என்பது நமக்குத் தெரியும்.

பட்டயத்தின் மிக முக்கியமான பகுதி பாதுகாப்பு பற்றியது. பள்ளியையும் நகரையும் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரு வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இவர்களுக்கு அநியாயம் ஏதும் நேர்ந்தால், அரசுக்குச் செலுத்த வேண்டிய சுங்கத்தையும் எடைக் கூலியையும் நிறுத்தி வைத்து, தம் குறையைத் தாமே தீர்த்துக்கொள்ளலாம் என்றும் பட்டயம் சொல்கிறது. அரசன் தவறினால் அவனுக்கு வரி கொடுக்காமல் இருக்கலாம் என்று அரசனே எழுதிக் கொடுத்த ஆவணம் இது. சிறுபான்மைக்கு வாய்மொழியாக "பயப்படாதீர்கள்" என்று சொல்வது வேறு, கையில் ஒரு பிடிமானத்தைக் கொடுப்பது வேறு. ஐயனடிகள் செய்தது இரண்டாவது.

அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும்

மணிக்கிராமம் தென்னாட்டு வணிகர்களின் குழு. புதுக்கோட்டை அருகே கொடும்பாளூரிலும் அது இயங்கியது. அதே 9ஆம் நூற்றாண்டில் தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டில், ஒரு குளத்துக்குக் காவலாக மணிக்கிராமத்தார் குறிக்கப்படுகின்றனர்.

அஞ்சுவண்ணம் மேற்காசிய வணிகர்களின் குழு. அரபியர், பாரசீகர், யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் என்று எல்லோரும் அதில் இருந்திருக்கின்றனர். "அஞ்சுமன்" என்ற பாரசீகச் சொல்லே தமிழ் நாவில் அஞ்சுவண்ணம் ஆனது என்பது ஆய்வாளர் கருத்து. இன்று நம் ஊர்களில் "அஞ்சுமன்" என்ற பெயரில் இயங்கும் சங்கங்களின் பெயரும் அதே சொல்தான். பிற்காலத்தில் தமிழகக் கரையில் அஞ்சுவண்ணம் என்றால் முஸ்லிம் வணிகர் என்றே பொருள்படத் தொடங்கியது. தொண்டிக்கு அருகே தீர்த்தாண்டதானத்தில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் சேர்ந்தே வருகின்றன. தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் மிகப் பழையதாகக் கருதப்படும் பல்சந்த மாலையிலும் அஞ்சுவண்ணத்தவர் என்ற பெயர் வருகிறது. தோப்பில் முஹம்மது மீரான் தம் நாவல் ஒன்றுக்கு "அஞ்சுவண்ணம் தெரு" என்றே பெயர் வைத்தார்.

கூஃபி எழுத்தில் கையொப்பங்கள்

இப்போது செப்பேட்டின் கடைசிப் பகுதிக்கு வருவோம். அங்கே வட்டெழுத்து இல்லை. மூன்று வேற்று எழுத்துகளில் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். 11 பேர் அரபியில், கூஃபி எழுத்தில். 10 பேர் பஹ்லவியில். 4 பேர் எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்தில். மொத்தம் 25 பேர்.

அரபியில் உள்ள பெயர்களில் சில: மைமூன் இப்னு இப்ராஹீம், உஸ்மான் இப்னு அல்மர்ஸுபான், பக்ர் இப்னு மன்சூர், இஸ்மாயீல் இப்னு யஃகூப். இவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பது ஆய்வாளர்களின் முடிவு. பஹ்லவியில் எழுதியவர்களில் கிறிஸ்தவரும் ஜொராஸ்ட்ரியரும் உண்டு. எபிரேய எழுத்தினர் யூதர்.

உஸ்மானின் தந்தை பெயரைப் பாருங்கள். மர்ஸுபான் என்பது எல்லைக் காவல் தலைவனைக் குறிக்கும் பழைய பாரசீகப் பட்டம். தந்தைக்குப் பாரசீகப் பெயர், மகனுக்கு மூன்றாம் கலீஃபாவின் பெயர். ஒரு பாரசீகக் குடும்பம் இஸ்லாமியப் பெயர்களுக்கு மாறிய கதை அந்த ஒரு கையொப்பத்துக்குள் அடங்கியிருக்கக்கூடும்.

சாட்சியம் என்பது நமக்குச் சாதாரணச் சொல் அல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள், அழைத்தால் சாட்சிகள் மறுக்கக் கூடாது என்பது திருக்குர்ஆன் 2:282இன் கட்டளை. எந்தக் கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பும் நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது 5:8. மடங்களும் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்படாமல் காக்கப்படுவதை அல்லாஹ்வின் ஏற்பாடாகச் சொல்வது 22:40. மைமூனும் இஸ்மாயீலும் கையொப்பமிட்டபோது இந்த வசனங்களை நினைத்தார்களா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஆனால் அவர்கள் செய்தது இந்த வசனங்களுக்கு இசைவானது. ஈஸா நபியைப் பற்றிய நம்பிக்கையில் தமக்கும் அந்தப் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெரியாததல்ல. அதை வைத்துக்கொண்டே, அந்தப் பள்ளியின் உரிமை உண்மை என்று சாட்சி சொன்னார்கள்.

அதே ஆண்டில் பக்தாத்

நம் வரலாற்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கி.பி. 849 என்பது ஹிஜ்ரி 235ஐ ஒட்டிய காலம். அப்போது பக்தாத் அரசின் கலீஃபா முத்தவக்கில். ஹிஜ்ரி 235இல் அவர் முஸ்லிமல்லாதோர் மீது கடும் கட்டுப்பாடுகளை விதித்தார். அவர்கள் தனி நிற உடை அணிய வேண்டும், புதிதாகக் கட்டிய தேவாலயங்களை இடிக்க வேண்டும் என்றெல்லாம் ஆணை பிறந்ததை நம் வரலாற்றாசிரியர் தபரீயே பதிவு செய்திருக்கிறார்.

அதே அரசின் இன்னொரு முகமும் உண்டு. சில பதிற்றாண்டுகளுக்கு முன் கலீஃபா மஹ்தி, கிழக்குச் சபையின் பேராயர் திமோத்தேயுவை அழைத்து மார்க்க விஷயங்களில் கேள்வி கேட்டு, அவரது பதில்களைக் கேட்டார். கிரேக்க மருத்துவ நூல்களை அரபிக்குக் கொண்டுவந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதே சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்தான். ஆக, ஓர் ஆட்சி எப்படி நடந்துகொள்கிறது என்பது அதன் மதத்தின் பெயரை மட்டும் பொறுத்ததல்ல. ஆள்பவரின் நீதியையும் அச்சத்தையும் பொறுத்தது.

ஒருபுறம் அப்பாஸிய அரசில் புதிய தேவாலயங்களை இடிக்க ஆணை. மறுபுறம் கொல்லத்தில் புதிய தேவாலயத்தின் உரிமைக்கு முஸ்லிம் வணிகர்களின் கையொப்பம். இரண்டும் ஒரே காலத்தவை. எதை நாம் நம்முடையது என்று பெருமையாகச் சொல்லப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

ஏட்டில் எழுதாத சமூகங்கள்

ஐரோப்பாவிலும் இதை ஒத்த ஒரு சமூகம் இருந்தது. 568 வாக்கில் ஆசியப் புல்வெளியிலிருந்து வந்த அவார் மக்கள் இன்றைய ஹங்கேரியை வென்று ஆண்டனர். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். அவர்களின் ஆட்சியின் கீழ் பாலாட்டோன் ஏரிக்கரையில் கெஸ்தெலி என்ற இடத்தில், ரோமானிய வழிவந்தவர்களும் பிற இனத்தாரும் கலந்த கிறிஸ்தவச் சமூகம் ஒன்று வாழ்ந்தது. அவர்களின் தேவாலய அடித்தளமும், கல்லறைகளிலிருந்து எடுத்த கம்மல்களும், கிறிஸ்தவ உருவங்கள் பொறித்த பதக்கங்களும் கிடைத்துள்ளன. ஆனால் அவர்களுக்கு என்ன உரிமை இருந்தது, அவார் அரசன் அவர்களிடம் என்ன சொன்னான் என்று ஒரு வரிகூட எழுத்தில் இல்லை.

கொல்லத்தில் நிலைமை தலைகீழ். தரிசாப்பள்ளிக் கட்டடம் இன்று இல்லை. எழுத்து மட்டும் நிலைத்தது. கட்டடம் போன பிறகும் உரிமை என்ன என்பதைச் செம்பு சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் பள்ளிவாசல்களின், வக்ஃபு நிலங்களின் பத்திரங்களைப் பாதுகாக்கத் தவறியதால் நாம் இழந்தவை எத்தனை என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் எண்ணிப் பார்க்கலாம்.

அது பொற்காலமா?

இல்லை. அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஐயனடிகள் இந்த உரிமைகளைக் கொடுத்ததில் பொருளாதார நோக்கமும் இருந்தது. செப்பேடு எழுதப்பட்ட இரண்டே ஆண்டுகளில், கி.பி. 851இல், அரபி வணிகர்களின் அனுபவங்களைத் தொகுத்த "அஹ்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்" என்ற நூல் கொல்லத்தைக் "கூலம் மலீ" என்று குறிப்பிடுகிறது. மஸ்கத்திலிருந்து அங்கே ஒரு மாதக் கடற்பயணம், சீனக் கப்பல்கள் அங்கே 1,000 திர்ஹம் கட்ட வேண்டும் என்கிறது. இவ்வளவு வருமானம் தரும் துறைமுகத்தில் வணிகர்களை வைத்துக்கொள்ள எந்த அரசனும் விரும்புவான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பட்டயத்தில் பள்ளிக்கு விடப்பட்ட ஈழவரும், வண்ணாரும், தச்சரும் தம் பெயரால் அறியப்படவில்லை. சாதியாலும் குடிக் கணக்காலும் மட்டுமே அறியப்படுகின்றனர். வணிகர்களின் உரிமை காக்கப்பட்ட அதே ஏட்டில், உழைப்பவர்கள் நிலத்தோடு சேர்த்துக் கைமாறினார்கள். கிறிஸ்தவப் பள்ளியும் அதை ஏற்றது, முஸ்லிம் வணிகர்களும் அதற்குச் சாட்சி நின்றார்கள். மனிதர் எல்லோரும் ஆதமின் மக்கள் என்ற அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனைக்கு முன் இது ஒரு குறைதான். முன்னோரின் நன்மையை எடுத்துக்கொள்ளும்போது அவர்களின் குறையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நமக்கு என்ன?

"நீங்கள் எப்போது வந்தவர்கள்?" என்ற கேள்விக்கு "849க்கு முன்பே" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தச் செப்பேடு அதைவிடப் பெரிய பதிலைத் தருகிறது. அதில் நம்மவர்கள் தங்களுக்காக எதையும் கேட்டு நிற்கவில்லை. இன்னொரு சமூகத்தின் வழிபாட்டு உரிமை பறிபோகக் கூடாது என்பதற்காகத் தங்கள் பெயரைக் கொடுத்தார்கள். இந்து மன்னர் வழங்கினார், கிறிஸ்தவர் பெற்றனர், முஸ்லிமும் யூதரும் ஜொராஸ்ட்ரியரும் சாட்சி நின்றனர்.

இன்றும் நம் ஊரில் ஒரு கோவில் நிலத்துக்கோ, ஒரு ஜெபக்கூடத்துக்கோ அநியாயம் நடந்தால், "அது அவர்கள் பிரச்சினை" என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோமா, அல்லது அழைக்கப்பட்டால் மறுக்காத சாட்சிகளாக நிற்கிறோமா? நம் பள்ளிவாசலுக்கு ஒரு தொல்லை வரும்போது மட்டும் பிறர் நமக்காக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா? மைமூன் இப்னு இப்ராஹீமின் கையொப்பம் நம்மிடம் கேட்பது இதைத்தான்.

நீதிக்குச் சாட்சிகளாக நிற்பவர்களில் நம்மையும் அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.